டெர்னாட்டே கடிதம்: டார்வின் கைக்கு எப்போது போனது?

மணிபல்லவன்:

1858 பிப்ரவரியில் முறைக்காய்ச்சலில் கிடந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸுக்கு இயற்கைத் தேர்வு பிடிபடுகிறது. கட்டுரையாக எழுதி, கூடவே ஒரு கடிதமும் வைத்து, மொலுக்கஸ் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) ஒன்றான டெர்னாட்டேயிலிருந்து டார்வினுக்கு அனுப்புகிறார். ஜூன் 18 அன்று கிடைத்ததாக டார்வின் சொல்கிறார். ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்படுகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் கேள்வி தபாலைப் பற்றியது.

டச்சுத் தபால் நீராவிக் கப்பல் டெர்னாட்டேக்கு மாதம் ஒரு தடவைதான் வரும். மார்ச் மாதக் கப்பல் 9ஆம் தேதி வந்தது. அதில் வாலஸ் அனுப்பிய வேறொரு கடிதம் இன்றும் இருக்கிறது: மார்ச் 2 தேதியிட்டு, லெஸ்டரில் இருந்த ஃபிரெடரிக் பேட்ஸுக்கு எழுதியது. அதில் சிங்கப்பூர் முத்திரை ஏப்ரல் 21. லண்டன் முத்திரை ஜூன் 3. லெஸ்டர் முத்திரையும் ஜூன் 3.

இரண்டையும் எழுதியது ஒரே ஆள், ஒரே ஊரில், ஏறக்குறைய ஒரே வாரத்தில். ஒன்று ஜூன் 3 அன்று லெஸ்டருக்குப் போய்விட்டது. மற்றது லண்டனுக்குப் பக்கத்திலேயே டார்வின் வாழ்ந்த கென்ட் கிராமமான டவுனுக்கு ஜூன் 18 அன்றுதான் போனதாம். நடுவில் 15 நாள். அந்த 15 நாளும் கட்டுரை டார்வின் மேசையில் இருந்தது என்பது என் வாதம். ஆதாரத்தோடு மறுப்பவர்கள் வரலாம்.

முத்திரை:

பேட்ஸ் கடிதம் மார்ச் 9 கப்பலில் போனது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. டார்வினுக்கான கடிதமும் அதே தபால் பையில்தான் போனது என்பதற்கு என்ன ஆதாரம்? உங்கள் பதிவில் அது இல்லை. இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே போய்விட்டீர்கள்.

அந்தக் கப்பல் கொண்டுபோன கடிதங்களைப் பார்க்கிறீர்கள், கொண்டுவந்ததையும் பாருங்கள். டார்வின் 1857 டிசம்பர் 22 அன்று வாலஸுக்கு எழுதிய கடிதம் மார்ச் 9 கப்பலில்தான் டெர்னாட்டேக்கு வந்தது. வாலஸ் 1855இல் சரவாக்கிலிருந்து எழுதி வெளியிட்ட கட்டுரையைக் கவனிக்கும்படி புவியியலாளர் லையெலும் கல்கத்தாவில் இருந்த விலங்கியலாளர் பிளைத்தும் தன்னிடம் சொன்னார்கள் என்று அதில் டார்வின் எழுதியிருந்தார். லையெல் தன்னைப் படித்திருக்கிறார் என்ற சேதி வாலஸுக்குக் கிடைத்தது அந்தக் கடிதத்தில்தான்.

இப்போது வாலஸ் 1905இல் தன் வரலாற்றில் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். இது போதிய முக்கியமானதென்று பட்டால், என் முந்தைய கட்டுரையை அவ்வளவு உயர்வாக நினைத்த லையெலிடம் காட்டுங்கள் என்று டார்வினைக் கேட்டதாகச் சொல்கிறார். டிசம்பர் 22 கடிதத்தைப் படிக்காமல் இதை எழுதியிருக்க முடியாது. அதாவது வாலஸின் கடிதம் ஒரு பதில். மார்ச் 9 அன்று வந்த கடிதத்துக்குப் பதில், இயல்பாக, அடுத்த கப்பலில் போகும். அடுத்த கப்பல் ஏப்ரல் 5 வாக்கில். அந்தத் தபால் லண்டன் சேர்ந்தது ஜூன் 17. டவுன் கிராமத்துக்கு மறுநாள், ஜூன் 18. டார்வின் சொன்ன அதே தேதி.

கணக்கன்:

மார்ச் 9 முதல் ஜூன் 3 வரை 86 நாள். ஏப்ரல் 5 முதல் ஜூன் 18 வரை 74 நாள். ஒரே வழியில் போன கடிதம் ஒரு தடவை 12 நாள் வேகமாகப் போனது எப்படி என்று முத்திரை சொல்லட்டும். அதுவரை நான் மணிபல்லவன் பக்கம்.

முத்திரை:

நல்ல கேள்வி. கடிதம் போன வழியைத் துண்டு துண்டாகப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதல் துண்டு டச்சுக் கப்பல். சுரபாயாவில் கிளம்பி மக்காசர், திமோரின் குப்பாங், பண்டா, அம்போன், டெர்னாட்டே, மெனாடோ, மறுபடி மக்காசர், சுரபாயா என்று வட்டமடிக்கும். டெர்னாட்டேயில் ஏறிய பை மெனாடோ வழியாகத் திரும்பும். இரண்டாவது துண்டு ஜாவாவில்: சுரபாயாவிலிருந்து பட்டேவியா (இன்றைய ஜகார்த்தா), அங்கிருந்து இன்னொரு கப்பலில் சிங்கப்பூர். மூன்றாவது துண்டு பி அண்ட் ஓ கம்பெனியின் கப்பல்: சிங்கப்பூர், பினாங்கு, இலங்கையின் காலி, ஏடன், சூயஸ். சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. 1858 வசந்தத்தில் சூயஸிலிருந்து கெய்ரோவுக்கு ரயில்பாதைகூட முடிந்திருக்கவில்லை. பாலைவனத்தை வண்டியிலும் ஒட்டகத்திலும் கடந்து, கெய்ரோவிலிருந்து அலெக்சாண்ட்ரியாவுக்கு ரயில். அங்கே மறுபடி கப்பல், ஜிப்ரால்டர் சுற்றி சவுத்தாம்ப்டன். அவசரத் தபால் என்றால் மார்செயில் இறக்கி பிரான்ஸ் வழியாக அனுப்பலாம், கட்டணம் கூடுதல். பேட்ஸ் கடிதத்தில் சவுத்தாம்ப்டன் வழி என்று வாலஸே எழுதியிருக்கிறார்.

இனி கணக்கு. பேட்ஸ் கடிதம் டெர்னாட்டேயிலிருந்து சிங்கப்பூர் போக 43 நாள் (மார்ச் 9 – ஏப்ரல் 21). சிங்கப்பூரிலிருந்து லண்டன் போகவும் 43 நாள் (ஏப்ரல் 21 – ஜூன் 3). பி அண்ட் ஓ தபால் அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஜூன் 3க்கு அடுத்த தபால் ஜூன் 17, சரியாக 14 நாள். ஜூன் 17இலிருந்து 43 நாள் பின்னால் போனால் மே 5 வருகிறது. ஏப்ரல் 5 முதல் மே 5 வரை 30 நாள். ஆக, சிங்கப்பூருக்கு மேற்கே வேகம் கூடவுமில்லை குறையவுமில்லை. வித்தியாசம் முழுக்கச் சிங்கப்பூருக்குக் கிழக்கே. மாதம் ஒரு கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒரு கப்பலோடு இணையும் இடத்தில் ஒரு நாள் பிந்தினாலும் பை இரண்டு வாரம் கிடங்கில் கிடக்கும். மார்ச் பை கிடந்தது. ஏப்ரல் பைக்கு இணைப்பு கிடைத்தது.

எதிர்த்திசையிலும் சரிபாருங்கள். டார்வினின் டிசம்பர் 22 கடிதம் மார்ச் 9 அன்று சேர்ந்தது: 77 நாள். இங்கிலாந்துக்கும் டெர்னாட்டேக்கும் நடுவே 74 நாள் என்பது அதிசய வேகமல்ல.

நிலாவரை:

காலியைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். பை மாறுகிற இன்னொரு இடம் அது. கொழும்பில் அலைதாங்கி கட்டி முடியும்வரை பெரிய தபால் கப்பல்கள் நின்றது காலியில்தான். சீனா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து வரும் கப்பல் பைகளை அங்கே இறக்கும். கல்கத்தாவிலிருந்து மெட்ராஸ் தொட்டு வரும் கப்பல் காலியில் அவற்றை ஏற்றிக்கொண்டு சூயஸுக்குப் போகும். மெட்ராஸ் தபாலும் டெர்னாட்டே தபாலும் ஏடன் போனது ஒரே கப்பலின் வயிற்றில். தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியில் தொடங்கினால் காலி – ஏடன் ஓட்டம் எதிர்க்காற்றில் நாட்களைத் தின்னும். ஆகவே மே மாதம் சிங்கப்பூரை விட்ட பை, ஏப்ரலில் விட்ட பையைப் போலவே 43 நாளில் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனால் ஜூன் 17 தபால் லண்டன் வந்தது வந்ததுதான், அதை இந்தக் காற்று மாற்றாது.

மணிபல்லவன்:

வழியில் எனக்குத் தகராறு இல்லை. அது பதில் கடிதம் என்ற இடத்தில்தான் தகராறு.

ஒன்று. காய்ச்சல் விட்ட அன்று மாலையே குறிப்பெடுத்து, அடுத்த இரண்டு மாலைகளில் முழுதாக எழுதி, ஓரிரு நாளில் போகவிருந்த அடுத்த தபாலில் டார்வினுக்கு அனுப்புவதற்காகத் தயாராக்கியதாக வாலஸ் அதே 1905 புத்தகத்தில் சொல்கிறார். லையெல் வாக்கியத்துக்கு அந்தப் புத்தகம் சாட்சி என்றால் இதற்கும் அதுதானே சாட்சி? பிடித்த வரியை வைத்துக்கொண்டு பிடிக்காத வரியைக் கிழவரின் மறதி என்று தள்ளக்கூடாது.

இரண்டு. "என் கட்டுரையை உயர்வாக நினைத்த" என்ற அடைமொழி 1858 கடிதத்தில் இருந்ததா, 47 வருஷம் கழித்து, 82 வயதில், வாசகருக்கு லையெல் யாரென்று விளக்க வாலஸ் சேர்த்ததா? மூலக் கடிதம் இல்லை. லையெல் அன்றைக்கு இங்கிலாந்தின் முதல்நிலைப் புவியியலாளர். அவரை எதிர்த்தே வாலஸ் தன் குறிப்பேட்டில் பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார். லையெலிடம் காட்டுங்கள் என்று கேட்க டார்வினின் சிபாரிசு எதற்கு?

மூன்று. பதில் கடிதமாகவே இருக்கட்டும். கட்டுரை தயார். மார்ச் 9 அன்று கப்பல் வருகிறது, டார்வின் கடிதம் கைக்கு வருகிறது. டெர்னாட்டேயில் வாலஸ் வாடகைக்கு எடுத்த வீட்டிலிருந்து சந்தைக்கும் கடற்கரைக்கும் ஐந்து நிமிட நடை என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் துணைக்கடிதம் எழுதி, கட்டுரையோடு மடித்து, அதே கப்பலில் போட எவ்வளவு நேரம்? சரக்கும் நிலக்கரியும் ஏற்ற இறக்க ஆகும் நேரம் போதாதா?

முத்திரை:

> ஓரிரு நாளில் போகவிருந்த அடுத்த தபால்

இந்த வரியை மார்ச் 9க்குப் பொருத்திக் காட்டுங்கள். கட்டுரையில் "டெர்னாட்டே, பிப்ரவரி 1858" என்று இருக்கிறது. வாலஸ் பிப்ரவரி முழுக்க எதிரே இருக்கும் ஜிலோலோ தீவில் (இன்றைய ஹல்மஹேரா) டோடிங்காவில் இருந்தார். மார்ச் 1 அன்றுதான் டெர்னாட்டே திரும்பினார். மார்ச் 2 பேட்ஸ் கடிதத்திலேயே, நெடுநாளாகக் குழப்பிய விஷயத்துக்கு விளக்கம் தரும் ஒரு கோட்பாட்டைச் சமீபத்தில் கண்டுபிடித்துவிட்டேன் என்று எழுதிவிட்டார். அதாவது மார்ச் 2க்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. மார்ச் 9க்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். "ஓரிரு நாள்" மார்ச்சுக்கும் பொருந்தாது, ஏப்ரலுக்கும் பொருந்தாது. இரண்டு தரப்புக்கும் உதவாத வரி அது.

லையெல் விஷயம் அப்படியல்ல. தேதி மறக்கும். யாரிடம் என்ன கேட்டோம், ஏன் கேட்டோம் என்பது அவ்வளவு சுலபமாக மறக்காது. அதுவும் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட கடிதத்தில்.

ஒரே கப்பலில் பதில் என்பது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படிகளை எண்ணுங்கள். பை கரைக்கு வர வேண்டும், தபாலகத்தில் பிரிக்க வேண்டும், வாலஸ் கைக்கு வர வேண்டும், படிக்க வேண்டும், கட்டுரையை இவருக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க வேண்டும், எழுத வேண்டும், போகும் பை கட்டி முத்திரை வைக்கும் முன் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வட்டப் பாதையில் ஓடும் கப்பல் ஒவ்வொரு துறையிலும் சாவகாசமாக நிற்காது.

தும்பி:

பேட்ஸ் கடிதத்தின் அந்த வரி எந்த இடத்தில் வருகிறது என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஓடும் புலிவண்டுகள் பற்றிப் பேசும்போது வருகிறது. ஒரு வகை கடற்கரை மணலின் நிறத்தில், இன்னொன்று சேற்றின் நிறத்தில்; எது எங்கே ஓடுகிறதோ அந்தத் தரையின் நிறம் அதற்கு. தரையில் நிழல் விழுந்தால்தான் வண்டு இருப்பதே தெரியும். வண்டு சேகரிக்கிற ஒருவருக்கு எழுதும்போது இதைச் சொல்லி, இதற்கெல்லாம் இயல்பான விளக்கம் கிடைத்துவிட்டது என்று நிறுத்திக்கொள்கிறார் வாலஸ். கோட்பாடு என்னவென்று பேட்ஸிடம் சொல்லவில்லை. முதலில் யாரிடம் சொல்வது என்று அப்போது முடிவாகவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

1855 கட்டுரையைத் தன் முகவர் ஸ்டீவன்ஸ் மூலமாக நேராகப் பத்திரிகைக்கு அனுப்பியவர் இந்தத் தடவை ஏன் அப்படிச் செய்யவில்லை? அந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது மௌனம். கோட்பாடு பேசுவதை விட்டுத் தகவல் சேகரிக்கட்டும் என்று சிலர் முணுமுணுத்ததாக ஸ்டீவன்ஸ் எழுதியிருந்தார். அப்போது, ஊகம் இல்லாமல் நல்ல கவனிப்பே இல்லை என்று உற்சாகப்படுத்தி, லையெல் பெயரையும் சொல்லி வந்த ஒரே கடிதம் டார்வினுடையது. அதைப் படித்த பிறகுதான் டார்வினுக்கு அனுப்பும் முடிவு வந்திருக்க வேண்டும். முடிவே மார்ச் 9க்குப் பிறகு என்றால் ஏப்ரல் பைதான்.

மணிபல்லவன்:

அழகான ஊகம். ஆனால் ஊகம்.

வாலஸ் மார்ச் 25 அன்று டெர்னாட்டே வணிகர் டுய்வன்போடனின் "ஹெஸ்டர் ஹெலினா" என்ற பாய்மரக் கப்பலில் நியூ கினி கிளம்பிவிட்டார்; திரும்பியது ஆகஸ்ட் 15. ஏப்ரல் 5 அன்று அவர் ஊரிலேயே இல்லை. வாழ்நாளில் எழுதிய மிக முக்கியமான கட்டுரையை, போன ஒரு கப்பலைத் தவறவிட்டு, தான் இல்லாதபோது வரும் கப்பலுக்கு விட்டுவிட்டுப் போனாரா?

முத்திரை:

தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் விட்டுவிட்டுப் போவதா? மாதம் ஒரு கப்பல் வரும் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அவர் காட்டிலிருக்கும்போது வந்துபோன கப்பல்கள் எத்தனை! நீண்ட பயணத்துக்கு முன் பாக்கிக் கடிதங்களை எழுதி முடிப்பதுதான் அவர் வழக்கம்.

மணிபல்லவன்:

சரி, தபாலை விட்டு, அந்த 15 நாளில் டார்வின் என்ன செய்தார் என்பதற்கு வருகிறேன். ஜூன் 8 அன்று தன் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதுகிறார்: இயற்கைத் தேர்வோடு சேர்ந்து "விரிந்து பிரியும் விதி" என் புத்தகத்தின் ஆதாரக்கல் என்று. ஒரு மூலத்திலிருந்து கிளைகள் மேலும் மேலும் விலகிப்போவதை விளக்கும் விதி அது. வாலஸ் கட்டுரையின் தலைப்பே, வகைகள் மூல வடிவத்திலிருந்து எல்லையின்றி விலகும் போக்கு பற்றித்தான். பேட்ஸ் கடிதம் வந்து ஐந்தாவது நாள் இது. டார்வின் அப்போது எழுதிக்கொண்டிருந்த அந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியில் 26ஆம் தாளுக்குப் பின்னால் இந்த விதிக்காக இடையில் செருகிய தாள்கள் 26a தொடங்கி ஆங்கில எழுத்துவரிசை முழுக்க ஓடி, இரட்டை எழுத்துக்குள் போகின்றன. எண்ணினால் 40 தாள். கிழித்து ஒட்டிய அவசரம் கண்ணுக்குத் தெரிகிறது.

கையில் வந்த கடிதமும் காணோம், கட்டுரையின் மூலப்பிரதியும் காணோம், உறையும் காணோம். மூன்றும் ஒருசேரத் தொலைவது தற்செயலா?

தும்பி:

விரிந்து பிரியும் விதியை டார்வின் 1857 செப்டம்பர் 5 அன்றே அமெரிக்காவில் இருந்த தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதம் டார்வின் வீட்டிலிருந்து வெளியேறி ஹார்வர்டுக்குப் போய் ஒன்பது மாதமாகிவிட்டது. அதன் நகலைத்தான் ஜூலை 1 அன்று வாசித்தார்கள். வாலஸ் அப்போது மக்காசரில் இருந்தார், டோடிங்கா காய்ச்சலுக்கு இன்னும் ஐந்து மாதம்.

செருகிய தாள்களுக்கும் தேதி இருக்கிறது. டார்வின் வேலைகளைச் சுருக்கமாகக் குறித்துவைத்த நாட்குறிப்பில், ஏப்ரல் 14 அன்று பெரிய பேரினங்கள், சிறிய பேரினங்கள், விரிந்து பிரிதல் பற்றிய விவாதத்தைத் தொடங்கி ஜூன் 12 அன்று முடித்ததாக இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று உங்கள் மார்ச் 9 பை சிங்கப்பூரையே பார்த்திருக்கவில்லை. சிங்கப்பூர் முத்திரை ஏப்ரல் 21 என்று சொன்னது நீங்கள்தான்.

கணக்கன்:

தொடங்கியது ஏப்ரல் 14, முடிந்தது ஜூன் 12. ஜூன் 3க்கும் 12க்கும் நடுவில் ஒன்பது நாள் இருக்கிறதே! தொடங்கிய தேதியைச் சொல்லி முடித்த தேதியை மறைக்கக்கூடாது.

தும்பி:

மறைக்கவில்லை, மேலே நானே எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பது நாளில் வாலஸிடமிருந்து எடுத்தது எது என்று ஒரே ஒரு பத்தியைக் காட்டுங்கள். டார்வின் வாதம், ஒரே நிலத்தில் உயிர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டால் அதிகம் பேர் பிழைக்கலாம் என்பது. புல்வெளியில் பலவகைப் புல் விதைத்தால் மகசூல் கூடுவதை உதாரணமாகக் காட்டுகிறார். வாலஸ் கட்டுரையில் அந்த வேலைப் பங்கீட்டு வாதமே கிடையாது. ஒட்டகச்சிவிங்கிக் கழுத்து, காட்டுப் புறாவின் எண்ணிக்கை, நீராவி எஞ்சினின் வேகத்தைத் தானே சீர்செய்யும் கருவி, இவைதான் அவர் உதாரணங்கள். தலைப்பில் இரண்டு சொல் ஒத்திருப்பது திருட்டாகாது.

நாட்குறிப்பில் அடுத்த பதிவு: ஜூன் 14, புறாக்கள், அடைப்புக்குறிக்குள் "தடைபட்டது". தடை எப்போது வந்தது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

முத்திரை:

தொலைந்த கடிதம் பற்றி. டார்வின் வந்த கடிதங்களைக் கம்பியில் குத்தி வைப்பார். கம்பி தீர்ந்துபோனால் பல வருஷக் கடிதங்களை மொத்தமாக எரித்து, கம்பியைத் திரும்ப உபயோகிப்பார். 1862 வாக்கில்தான் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கத் தொடங்கினார் என்று மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். அதற்கு முன் தப்பியவை பெரும்பாலும் ஆராய்ச்சிக்காக வெட்டியெடுத்த துண்டுகள். வாலஸ் 1857 செப்டம்பர் 27 அன்று எழுதிய கடிதத்திலும் ஒரு துண்டுதான் இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், 1855 கட்டுரைக்கு எதிர்ப்புகூட வரவில்லையே என்ற வாலஸின் ஏமாற்றம். மறுபக்கத்தில் ஜாகுவார் பற்றிய ஒரு குறிப்பு. டார்வின் கத்தரித்தது ஜாகுவாருக்காக. ஏமாற்றம் தப்பியது அதன் முதுகில் இருந்ததால். மற்றவர்கள் எழுதிய கடிதங்களும் அதே நெருப்பில்தான் போயின. கட்டுரையின் மூலப்பிரதி அச்சுக்குப் போனது; 1858இல் அச்சகத்திலிருந்து பிரதி திரும்பி வராதது சாதாரணம்.

மணிபல்லவன்:

லையெலுக்கு டார்வின் எழுதிய கடிதத்தில் தேதி என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? "18" மட்டும். மாதம் இல்லை, வருஷம் இல்லை. ஜூன் என்பது பின்னால் வந்தவர்கள் போட்டது. மே 18 என்று வாதாடியவர்களும் உண்டு.

முத்திரை:

மே 18 அன்று கிடைக்க வேண்டுமானால் கடிதம் மார்ச்சுக்கு முந்தைய கப்பலில் போயிருக்க வேண்டும். அப்போது வாலஸ் டோடிங்காவில். அந்தக் கணக்கை நீங்களே ஏற்கமாட்டீர்கள், ஏனென்றால் உங்கள் ஜூன் 3ஐயும் அது கொன்றுவிடும். தவிர, வாலஸ் இதை "இன்று" அனுப்பியிருக்கிறார் என்று அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அடுத்தது ஜூன் 25 கடிதம், அதே பேச்சின் தொடர்ச்சி. நடுவில் வீட்டில் செங்காய்ச்சல். டார்வினின் கைக்குழந்தை சார்ல்ஸ் ஜூன் 28 அன்று இறந்தது. ஒரு மாதம் பேசாமலிருந்து ஜூன் 25இல் தொடர்ந்த கடிதப் போக்குவரத்தாக அது வாசிக்கவில்லை.

நிலாவரை:

எல்லாரும் தேதியில் நிற்கிறீர்கள். கடிதம் ஜூன் 18 அன்றே வந்திருந்தாலும், வாலஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டார்வினின் பழைய எழுத்தை முன்னால் போட்டு, வாலஸ் கட்டுரையைப் பின்னால் போட்டு வாசித்தார்கள் லையெலும் ஹூக்கரும். கேட்டிருந்தால் பதில் வர ஐந்து மாதம் ஆகும் என்பது உண்மை. காத்திருந்திருக்கலாமா என்பது தனிக் கேள்வி. வாலஸ் அச்சுக்காகக் கொடுக்காத கட்டுரை அது, லையெலிடம் காட்டத்தான் கேட்டார். அக்டோபர் 6 அன்று ஹூக்கருக்கும் தன் தாயாருக்கும் சந்தோஷமாகத்தான் எழுதினார், அதையும் சொல்ல வேணும். ஆனால் சந்தோஷப்பட்டார் என்பதால் செய்தது முறையாகிவிடாது.

மணிபல்லவன்:

நிலாவரை சொன்னதோடு முழு உடன்பாடு. தேதி விஷயத்தில் என் சந்தேகம் ஒரே ஓர் இடத்தில் நிற்கிறது: ஏப்ரல் பை மே 5 வாக்கில் சிங்கப்பூரில் கப்பலேறியது என்கிறார் முத்திரை. அது பின்னோக்கி எண்ணிய தேதி. டச்சுக் கப்பல் சுரபாயாவுக்கு எந்தத் தேதியில் வந்தது, பட்டேவியாவிலிருந்து சிங்கப்பூருக்கு எது எப்போது போனது என்று காட்டாதவரை 30 நாள் என்பது வசதியான எண்.

முத்திரை:

வசதியான எண்ணா என்பதை எவரும் சரிபார்க்கலாம். பட்டேவியாவில் வெளிவந்த ஜாவாஷே கூரான்ட், ஜாவா-போடே இரண்டிலும் துறைமுகப் பத்தி உண்டு. டெல்ஃபர் என்ற டச்சு மின்னூலகத்தில் பழைய இதழ்கள் கிடைக்கும். ஊர்ப்பெயர்களைப் பழைய டச்சு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், இப்போதைய இந்தோனேசிய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது. 1858 மார்ச் 20 முதல் மே 10 வரையான இதழ்கள் போதும். மூன்று வரி வேண்டும்: மொலுக்கஸ் கப்பல் சுரபாயா வந்த தேதி, தபால் பட்டேவியா சேர்ந்த தேதி, சிங்கப்பூர்க் கப்பல் கிளம்பிய தேதி. மார்ச் பைக்கும் இதே மூன்றையும் எடுங்கள், ஏனென்றால் அது எங்கே கிடந்தது என்று தெரிந்தால்தான் ஏப்ரல் பை ஏன் கிடக்கவில்லை என்று தெரியும். சிங்கப்பூர்ப் பக்கத்துக்கு ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் கப்பல் பத்தி. வந்த தேதியும் பத்திரிகைத் தேதியும் ஒன்றல்ல, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கணக்கன்:

மார்ச் பையை நான் எடுக்கிறேன். ஏப்ரல் பையை மணிபல்லவன் எடுக்கட்டும், முத்திரை எடுத்தால் நம்பமாட்டார்.